எலன் டெரி அம்மையார்: நடிப்பும் நாடக ஆராய்ச்சியும்

பாவலன் மறைந்த பின்னரும் பாட்டு ஏட்டிலே நிற்கின்றது. சிற்பி மறைந்த பின்னரும் கல் நிற்கின்றது. நடிப்போர் கலையோ அவர் அரங்கை விட்டு நீங்கிய அக்கணமே கழிந்தொழிவது. ஆதலின் பழைய காலத்து நடிகர் ஒருவரை மதிப்பிடப் புகுவோர், பிறர் கண்டதைப் பிறர் சொல்லக் கேட்டே பேசவேண்டியவராகின்றனர். ஆங்கில அரங்கில் எழுபது ஆண்டுகள் வரை விளங்கிய எலன் டெரி அம்மையாரைப் பொறுத்தமட்டில் இவ்விடர்ப்பாடு ஓரளவு குறைகின்றது. அவர் 1908ஆம் ஆண்டிலே தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். பேர்ணாட் ஷாவுக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து 1931இல் நூலாயிற்று. சேக்ஸ்பியரைப் பற்றி அவர் ஆற்றிய நான்கு விரிவுரைகள் 1932இல் அச்சேறின. இவற்றோடு, தம் பாத்திரங்களை ஆராய்ந்து ஓரங்களிற் குறிப்பெழுதிய நாடகப் பிரதிகளும் எஞ்சியுள்ளன.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அம்மையார் காலத்துப் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தபோதெல்லாம் பெரும்பாலும் ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப எடுத்தாண்டன. அது 'வசீகரம்' என்பது. அவ்வசீகரத்தின் பின்னே கூரிய அறிவொன்று தொழிற்பட்டது என்பதற்கு மேற்கூறிய நூல்கள் சான்றாகும். அவ்வறிவுக்கு அக்காலத்து அரங்கு எவ்வளவு இடங்கொடுத்தது? அவருடைய பலதிறப்பட்ட வாழ்க்கையை அளந்தறிய இவ்வினாவே தக்க அளவுகோலாகும்.

எலன் டெரி 1847ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் தேதி கொவென்றி நகரிலே பிறந்தார். தந்தையார் பெஞ்சமினும் தாயார் சாராவும் ஊரூராகச் சென்று நடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவ்வாறு சென்ற இடத்து வாடகை அறையொன்றிலேயே இக்குழந்தை பிறந்தது. பிள்ளைகள் பதினொருவருள் கேற், எலன், மேரியன், புளோரன்ஸ், பிறெட் ஆகிய ஐவர் நடிப்பையே தொழிலாகக் கொண்டனர். நாடகக் குடும்பத்திற் பிறந்தமையாலே நடிப்பு இரத்தத்தில் ஊறிவந்தது என்று கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. அக்குடும்பத்திலே பிள்ளைகளுக்குக் கிடைத்தது பரம்பரைச் சொத்தன்று, கடும் பயிற்சி. சொற்களைத் திருத்தமாக உச்சரிக்கப் பெற்றோர் நாள்தோறும் பழக்கினர். பின்னர் சாள்ஸ் கீன் என்பாருடைய 'பிறின்சஸ்' அரங்கிற் சேர்ந்தபோது, கீனின் மனைவியார் உயிரெழுத்துக்கள் ஒவ்வொன்றையும் பிரித்தொலிக்குமாறு சிறுமிக்குக் கற்பித்தார். ஒத்திகை பகல் முழுதும் நடந்து இரவிலும் தொடரும். களைத்த குழந்தைகள் நடிகர் தங்கும் அறையிலே கிடந்து உறங்குவர்.

1856இல், ஒன்பது வயதிலே, சேக்ஸ்பியரின் 'மாரிக்காலக் கதை'யில் மமிலியஸ் என்னும் அரசிளங்குமரனாக எலன் முதன்முதல் அரங்கேறினார். விளையாட்டு வண்டியொன்றை இழுத்துக்கொண்டு வரும்போது அதிலே தடுக்கி வீழ்ந்தமையே அம்முதல் இரவின் நிகழ்ச்சி. அதே ஆண்டில் 'நடுவேனிற் கனவி'லே 'பக்' என்னும் குறளிப் பாத்திரமேற்றபோது, அரங்கின் நிலவறைக் கதவு மூடிக் காலின் பெருவிரலை நசுக்கியது. நாடகத்தை முடித்தால் சம்பளம் இரட்டிப்பாகும் என்று கீன் அம்மையார் கூற, சிறுமி வலியைப் பொறுத்து இறுதிப் பேச்சையும் பேசி முடித்தாள். கிழமைக்குப் பதினைந்து சிலிங்காயிருந்த சம்பளம் முப்பதாயிற்று. குழந்தையின் வேதனைக்கு விலை பேசப்பட்ட இச்செய்தியை அம்மையார் பிற்காலத்திற் சிறிதுங் கசப்பின்றி எழுதியிருக்கின்றார். படிப்போர்க்குத்தான் கசக்கின்றது.

பள்ளிக்கூடத்திற்கே செல்லாத இப்பெண்ணின் வாழ்க்கை அரங்கிலிருந்து இருமுறை விலகி இருமுறையும் மீண்டது. 1864இல், பதினேழு வயது நிறைவதற்கு ஒரு கிழமை இருக்கையில், நாற்பத்தாறு வயதினரான ஓவியர் வாட்ஸ் என்பாரை மணந்தார். அம்மணம் ஓராண்டும் நிலைக்கவில்லை. பகட்டான பூவொன்றை முகர்ந்து நிற்கும் இளம்பெண்ணாக வாட்ஸ் தீட்டிய ஓவியமே அதன் எச்சம். பிற்காலத்தில் வெர்ஜீனியா வூல்ஃப் இம்மணத்தை வைத்து நகைச்சுவை நாடகமொன்று எழுதினார். 1868இல் மீண்டும் அரங்கை விட்டு, கட்டடக் கலைஞர் கொட்வின் என்பாருடன் நாட்டுப்புறத்திலே வாழத் தலைப்பட்டார். உலகம் ஒப்பாத அவ்வாழ்விலே ஈடித் என்னும் மகளும் (1869) எட்வேட் கோடன் கிறெய்க் என்னும் மகனும் (1872) பிறந்தனர். கையிற் பொருளின்றித் தவித்த காலத்தில், ஒருநாள் பாதையிலே அவருடைய வண்டிச் சக்கரம் கழன்றுவிட்டது. வேட்டைக்கு வந்த கூட்டத்திலிருந்து வேலியைத் தாண்டி வந்த ஒருவர் நாவலாசிரியர் சாள்ஸ் றீட். கிழமைக்கு நாற்பது பவுண் சம்பளத்திலே எலன் அரங்கிற்கு மீள முடிவாயிற்று. 1874இல் நிகழ்ந்த அம்மீட்சி, கடனடைக்க வந்த மீட்சி என்பதை மறத்தலாகாது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, பான்குறொப்ற் தம்பதியர் அளித்த 'வெனிஸ் வணிகனி'ல் அவர் நடித்த போர்ஷியா பார்த்தோரை வியப்பில் ஆழ்த்தியது. நாடகம் தோற்றது, நடிகை வென்றார்.

1878 டிசம்பரில் ஹென்றி ஏர்விங் தம் லைசியம் அரங்கிற்கு அவரை அழைத்துக்கொண்டார். அன்று தொடங்கி 1902 வரை, ஒருவர் பெயரைக் கூறினால் மற்றவர் பெயரும் உடன்வருமாறு இருவரும் விளங்கினர். 'வெனிஸ் வணிகன்' 1879இல் தொடங்கி 250 இரவுகள் நடைபெற்றது. பியற்றிஸ், யூலியற், வயோலா, கோடீலியா, இமொஜன் முதலாய சேக்ஸ்பியரின் பெண்பாத்திரங்களை அவர் ஏற்றது இவ்வரங்கிலேதான். 1883 முதல் அமெரிக்க நாட்டிற்குப் பன்முறை சென்று வந்தனர். புகழும் பொருளும் நிறைந்த காலம் இது. திறனாய்வாளர் கருத்தூன்றி நோக்கவேண்டிய காலமும் இதுவே.

ஒபீலியாவை நடிக்குமுன் எலன் டெரி பைத்தியசாலையொன்றிற்குச் சென்று அங்குள்ளோரைக் கூர்ந்து நோக்கினார். சித்தங் கலங்கிய காட்சியிற் கரிய உடை அணிவதே பொருந்தும் என்று எண்ணி, அவ்வாறே ஆயத்தமும் செய்தார். ஏர்விங்கின் ஆலோசகராயிருந்த முதிய நடிகர் பதறிப்போனார். அந்நாடகத்திலே கரிய உடைக்கு உரியவன் ஒருவனே, அவன் ஹம்லெற் என்பது அவர் கூற்று. வெள்ளுடை தைக்கப்பட்டது. தந்தையைப் பறிகொடுத்த மகள் துக்க உடை அணிதல் இயல்பேயன்றோ? ஹம்லெற்றைப் போலவே ஒபீலியாவும் தந்தையை இழந்தவள் என்னும் ஒப்புமையை அக்கரிய உடை ஒரு சொல்லுமின்றி அவைக்கு உணர்த்தியிருக்கும். தலைமை நடிகரின் உடை தனித்துத் தோன்றவேண்டும் என்னும் நியதியின் முன் இவ்வரிய விளக்கம் அழிந்தது.

போர்ஷியாவின் நியாயசபைக் காட்சியில் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. அக்காட்சியிற் போர்ஷியா மிக அமைதியாகப் பேசவேண்டும் என்றும், அவ்வமைதியே பேராற்றல் வாய்ந்ததாகும் என்றும் அம்மையார் கருதியிருந்தார். ஆயின் ஏர்விங், சைலொக்கை இகழ்தற்குரிய வட்டிக்காரனாகக் காட்டாது, துன்பமேற்ற பெருமகனாக, அடக்கமும் அமைதியும் உடையவனாகக் காட்டினார். இருவரும் அமைதியாயிருப்பின் காட்சி சோர்ந்துபடும். ஆகவே விட்டுக்கொடுத்தவர் எலன் டெரியே. ஏர்விங்கின் சைலொக் ஆங்கில அரங்கின் பெரும்பேறுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது போர்ஷியா. இருநூற்றைம்பது இரவுகளும் பார்த்தோர் கைகொட்டி மகிழ்ந்த பாத்திரம், நடிகை தம் உள்ளத்தே வரைந்துவைத்த பாத்திரமன்று என்பது இதனாற் பெறப்படும்.

பியற்றிஸ் வேடத்திலும் இக்குறை உண்டு. நகையும் சினமும் மின்னலென மாறிமாறித் தோன்றும் அப்பாத்திரம் விரைவை வேண்டிநிற்பது. 1880இல் லீட்ஸ் நகரத்திலே, தம் இரண்டாங் கணவரான சாள்ஸ் கெலி பெனடிக்காக நடிக்க, எலன் டெரி முதன்முறை பியற்றிஸாகத் தோன்றினார். லைசியத்தில் ஈராண்டின் பின் நடித்ததைக் காட்டிலும் அன்று நடித்ததே மேலானது என்பது அவரது துணிபு. ஏர்விங்கின் பெனடிக் சிந்தித்துச் சிந்தித்து மெல்ல நகர்ந்தமையாற் பியற்றிஸும் தன் நடையைக் குறைக்க நேர்ந்தது. போதாக்குறைக்கு, தேவாலயக் காட்சியின் முடிவிலே சேக்ஸ்பியர் எழுதாத இரண்டொரு சொற்களைப் பழைய நடிகர் வழக்கப்படி பேசவேண்டும் என்று ஏர்விங் வற்புறுத்தினார். புலவன் கூறாததைப் பேசமாட்டேன் என்று வாதாடி, கண்ணீர் விட்டு, ஈற்றில் இணங்கினார் அம்மையார். நாடக மூலத்தின்பால் யாருக்கு மதிப்பு அதிகம் இருந்தது என்பதை இச்சிறு செய்தி தெளிவாகக் காட்டுகின்றது.

இவ்விடத்திற் பேர்ணாட் ஷாவின் குற்றச்சாட்டை நினைவுகூர்தல் தகும். ஏர்விங் எலன் டெரியை வீணாக்கிவிட்டார் என்று 1890களில் அவர் ஓயாது எழுதினார். இக்கூற்றை அப்படியே ஏற்றல் பொருந்தாது. இப்சனின் நாடகங்களையும் தம் நாடகங்களையும் அரங்கேற்றவேண்டும் என்னும் வேட்கையுடையவர் ஷா. லைசியம் தம் கருத்துக்கு இசையாமையும் அவர் சினத்திற்கு ஒரு காரணமே. இனி, நாடகமாந்தர்க்குச் சமுதாயத்திலே நன்மதிப்புத் தேடித்தந்தவர் ஏர்விங். நடிகருள் 'சேர்' பட்டம் முதன்முதற் பெற்றவரும் அவரே (1895). ஒளியையும் வண்ணத்தையும் இசையையும் ஒன்றுபடுத்தி அவர் அமைத்த அரங்கிலன்றி எலன் டெரியின் புகழ் அத்துணை தூரம் பரந்திராது. எனினும் ஷா கண்ட நோய் உண்மையான நோயே. ஒரே மனிதர் அரங்கின் உரிமையாளராகவும் தலைமை நடிகராகவும் நெறியாளராகவும் இருக்கும் அமைப்பிலே, நாடகத் தெரிவு அவர் வேடத்தை நோக்கியே அமையும். 'விரும்பிய விதமே' எனப் பம்மல் சம்பந்த முதலியார் தமிழிற் பெயரிட்ட சேக்ஸ்பியரின் நாடகம் லைசியத்தில் ஒருநாளும் அரங்கேறவில்லை. அதிலே ஏர்விங்கிற்கு ஏற்ற பெருவேடமில்லை. றொசலின்டுக்கோ நாடகம் முழுவதும் உரியது. அவ்வேடத்திற்கென்றே பிறந்தவர் எனப் பலராலும் கருதப்பட்ட நடிகை, அதனை ஒருமுறையேனும் நடியாமலே மூப்பெய்தினார்.

சேக்ஸ்பியர் காலத்திலே பெண்பாத்திரங்களைச் சிறுவர்களே நடித்தனர் என்பதும், முதலியாருடைய சுகுண விலாச சபையிலும் ஆடவரே பெண்வேடம் புனைந்தனர் என்பதும் யாவரும் அறிந்தவை. ஆண் பெண்ணாகி அப்பெண் மீண்டும் ஆணுடை தரிக்கும் றொசலின்டின் விளையாட்டைப் பெண்ணொருத்தி நடிக்கும்போது அதன் பொருள் எவ்வாறு மாறும் என்பதை எலன் டெரி காட்டியிருப்பின், அது ஆராய்ச்சியாளர்க்குப் பெருவிருந்தாகியிருக்கும்.

லைசியக் காலத்து நடிப்புள் மிகுந்த வாதப்பிரதிவாதத்தை எழுப்பியது 1888 டிசம்பர் 29ஆந் தேதி அரங்கேறிய 'மக்பெத்'. மக்பெத் சீமாட்டி என்றாலே ஒரு நூற்றாண்டுக்கு முன் அவ்வேடத்தை நடித்த சாரா சிடன்ஸ் அம்மையாரின் அச்சமூட்டும் உருவமே ஆங்கிலேயர் மனத்தில் எழுவது. சிடன்ஸ் அம்மையாரும் நாடகக் குடும்பத்தினர்; கெம்பிள் மரபினர். அவர் எழுதிவைத்த குறிப்பிலே, மக்பெத் சீமாட்டி மென்மையும் பெண்மையும் வாய்ந்த அழகியாய் இருந்திருத்தல் வேண்டும் என்று காணப்படுவது வியப்பிற்குரியது. எழுதியது ஒன்று, நடித்தது மற்றொன்று. எலன் டெரி அக்குறிப்பின் வழியே சென்று, கணவன்மேற் கொண்ட காதலால் அறிவிழந்து கொலைக்குத் துணைபோன பெண்ணைக் காட்டினார். அவலமே அவர் கண்ட மெய்ப்பாடு, அச்சமன்று. நாடகம் ஏறக்குறைய நூற்றைம்பது இரவுகள் நடைபெற்றும், திறனாய்வாளர் இரு கட்சியினராகப் பிரிந்து நின்றனர்.

அன்று மறுத்தோர் கூற்றிலே ஓரளவு நியாயம் உண்டு. கொலைக்குமுன் கொடுந்தெய்வங்களை அழைத்துத் தன் பெண்மையை நீக்குமாறு வேண்டும் இடத்தில் மென்மை மட்டும் போதாது. அங்கே குரலுக்கு ஒரு கொடூரம் வேண்டும், அது எலன் டெரியின் குரலுக்கு வாய்க்கவில்லை. ஆனால் விருந்துக் காட்சியின் பின் கணவனோடு தனித்திருக்கும் களைப்பும், உறக்கத்தில் நடக்கும் காட்சியும் அவருடைய விளக்கத்தினாலேதான் முற்பகுதியோடு இயைபு பெறுகின்றன. கல்நெஞ்சினள் நெஞ்சுடைந்து சாவதேன்? இவ்வினாவுக்குச் சிடன்ஸ் மரபு விடை தரவில்லை. வண்டின் பச்சைச் சிறகுகள் தைத்த உடையோடு, முடியைத் தன் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து நிற்கும் சீமாட்டியாக ஓவியர் சார்ஜென்ட் 1889இல் தீட்டிய படம் உலகப் புகழ்பெற்றது. அவ்வாறு முடியைத் தூக்கிநிற்கும் காட்சி லைசியம் நாடகத்தில் இடம்பெறவேயில்லை! மென்மையான சீமாட்டியை நடித்தவரைப் பேராசையின் வடிவமாக ஓவியம் நிலைபெறச் செய்துவிட்டது. அப்படத்தை வைத்து அந்நடிப்பை மதிப்பிடுவோர் வழிதவறுவர்.

லைசியத்தை விட்டகன்ற பின்னர் அம்மையார் 1903இல் இம்பீரியல் அரங்கை ஏற்று, தம் மகன் கிறெய்க்கின் திட்டப்படி இப்சனின் 'வைக்கிங்' நாடகத்தை மேடையேற்றினார். போர்வெறி கொண்ட ஹ்யோர்டிஸ் என்னும் பாத்திரம் தமக்கு ஒவ்வாதது என்பதை அறிந்தும் தாயன்பினால் ஏற்றார். நாடகம் விரைவில் வீழ்ந்தது, பொருள் அழிந்தது. கிறெய்க்கோ அவ்வீழ்ச்சியினூடே தாம் கண்ட வெற்றரங்கு, ஒளியமைப்பு ஆகிய கொள்கைகளை வளர்த்து ஐரோப்பிய நாடகத்தையே மாற்றிய சிந்தனையாளராயினார். ஆயினும் நடிகனை நெறியாளன் கைக்கருவியாகக் கருதிய அவரது கொள்கை, தாயாருடைய கலைக்கு நேர்மாறானது என்பது ஒரு விந்தை. ஈடித் 1911இல் தோற்றுவித்த 'பயனியர் பிளேயர்ஸ்' என்னும் குழுவுக்கு அம்மையார் தலைமை தாங்கினார். ஷா அவருக்கென்றே எழுதிய 'கப்டன் பிராஸ்பௌண்ட்' நாடகத்திற் சிசிலி சீமாட்டியாக 1906இல் நடித்தார். அதே ஆண்டில், ஐம்பது ஆண்டுகளுக்குமுன் மகனாக நடித்த 'மாரிக்காலக் கதை'யிலே தாயாகிய ஹெர்மியோனியாகத் தோன்றினார். பிற்காலத்து ஊமைப்படங்கள் சில, 1919இல் யூலியற்றின் செவிலி, 1925இல் 'டேம்' பட்டம் என்பவற்றைப் பெயரளவிற் கூறி அப்பாற் செல்லலாம்.

பெரிதும் போற்றவேண்டியவை, 1910 முதல் அமெரிக்காவிலும், பின்னர் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் அவர் ஆற்றிய விரிவுரைகள். சேக்ஸ்பியரின் குழந்தைகள், நாடகங்களில் வரும் கடிதங்கள், வெற்றிகொள்ளும் பெண்கள், அவலமெய்தும் பெண்கள் என்பன அவற்றின் பொருள்கள். நாடகத்திற் கடிதம் எவ்வாறு கதையை உந்துகின்றது என்று தனியே ஆராய்வது பல்கலைக்கழகப் பேராசிரியர்க்கும் அக்காலத்தில் தோன்றாத எண்ணம். கையிலே கடிதத்தை ஏந்தி அவைமுன் படித்தவர்க்கே அது தோன்றும். மக்பெத் சீமாட்டியின் முதற் காட்சி கணவன் கடிதத்தோடு தொடங்குவதை எண்ணுக. டெஸ்டிமோனாவைப் பற்றிய அவரது ஆராய்ச்சி இன்னும் சிறந்தது. அவள் பேதை என்று நடிகரும் திறனாய்வாளரும் சாதித்து வந்தனர். அம்மையாரோ அவளை மனவலிமை மிக்கவள் என்கின்றார். தந்தையையும் சபையையும் எதிர்நின்று தன் காதலைச் சொன்னவள், ஐயத்தைப் பிறவியிலேயே அறியாதவள். அவளது துன்பம் பேதைமையால் விளைந்ததன்று. 1881இல் ஏர்விங்கும் அமெரிக்க நடிகர் எட்வின் பூத்தும் ஒதெல்லோ, இயாகோ வேடங்களை மாறிமாறி நடித்தபோது இரு கணவர்க்கும் மனைவியாக நின்று கற்ற பாடம் இது.

சுவாமி விபுலானந்தர் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யிலே சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடகவியலின் கண்கொண்டு ஆராய்ந்தார். அந்நூலைப் பயின்ற மாணவர் எலன் டெரியின் விரிவுரைகளையும் உடன்வைத்துப் படிப்பின், புலவர் நோக்கும் நடிப்போர் நோக்கும் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பது புலப்படும். தேர்வுக்கென எழுதப்பட்ட பாத்திர விளக்க உரைகளிலே அது கிடையாது.

இவ்விரிவுரைகளிலே றொசலின்டுக்கும் இடமுண்டு. தாம் பியற்றிஸாக இருந்ததைச் சொல்லி மகிழ்ந்தவர், றொசலின்டாக இருக்கும் பேறு கிட்டாமையைச் சொல்லி ஏங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. பக்கத்திலே தலைமை நடிகர் எவரும் இல்லை, வேடமில்லை, திரையில்லை. எந்த விரைவிற் பேசவேண்டும், எங்கே அமைதி வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிடுவாரும் இல்லை. 1911இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவர் குரலை இசைத்தட்டிற் பதிந்தது. ஒபீலியாவின் பித்தக் காட்சியும், இரக்கத்தைப் பற்றிப் போர்ஷியா பேசும் பேச்சும் அவற்றுள் அடங்கும். 1928 ஜூலை 21ஆந் தேதி கென்ற் மாகாணத்துச் சிமோல்ஹைத் இல்லத்திலே அவர் காலமானார். அவ்வில்லத்தை ஈடித் நினைவகமாக்கிப் போற்றினார். அம்மையார் ஓரங்களிலே குறிப்பெழுதிய நாடகப் பிரதிகளும், வண்டுச் சிறகுடையும் அங்கே பேணப்பட்டு வருகின்றன.